பங்கஜாக்கா பிளாஸ்டர் என்று சொன்னது

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்தால் லேசில் இறங்காது. பங்கஜாக்காவைப் பற்றிச் சொல்லும்போது நடுநடுவே என் குரல் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷியை நினைத்தால் எனக்குப் பாசமும் பொங்கும், பற்றிக்கொண்டும் வரும். இன்றைக்கு எது முதலில் வரப்போகிறதோ தெரியவில்லை.

மைசூர் விஜயநகரில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். நடுவில் மார்பளவுக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர். நாங்கள் தமிழ் எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் கௌதள்ளிக்காரர்கள். என் வீட்டுக்காரர் சேகரனுக்கு வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. நான் முன்அறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். அவர்கள் மேல்கோட்டை ஐயங்கார்கள். அக்காவுக்குப் பங்கஜவல்லி என்று முழுப்பெயர். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, வயது வரும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவள். அவள் கணவர் நம்பி சாரும் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருக்கிறார். ஒரே மகன் பெங்களூரில்.

வேலையை விட்டதும் அக்கா மைசூர் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனாள். வெள்ளைப் பொடியையும் கோந்தையும் குழைத்து, நகை, கிரீடம் எல்லாவற்றையும் பலகையில் மேடாக எழுப்பி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்களே, அந்த ஓவியம். நன்றாகத்தான் போட்டாள். ஆனால் அவளுக்குத் திருப்தி இல்லை. "பெருமாள் சுவத்துல அறைஞ்ச மாதிரி தட்டையா நிக்கறார் மீனா" என்று சலித்துக்கொள்வாள். ஒருநாள் வகுப்பில் யாரோ ஒரு பெண், வண்ணம் தீட்டிய முட்டை ஓடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

"அந்த வளைவு இருக்கே மீனா, அதுல வரைஞ்சா நெஞ்சு முன்னால வரும், தோள் ரெண்டும் பின்னால போகும். பெருமாள் மூச்சு விடற மாதிரி இருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னபோது அவள் குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முட்டைங்களாக்கா? உங்க ஊட்டுலீங்களா?"

"ஷ்ஷ்! மெல்ல பேசு, அவர் காதுல விழப்போறது."

அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே கிடையாது. கேக் வாங்கினால்கூட அட்டைப்பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று நம்பி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முட்டை வாங்குவது என் வேலை, காலி பண்ணுவது என் சமையலறையில். மேலே ஊசியால் ஒரு சின்னத் துளை, அடியில் கொஞ்சம் பெரிய துளை. கம்பியை விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு, மேல் துளையில் வாயை வைத்து ஊத வேண்டும். கன்னம் இரண்டும் வலித்துப் போகும். அக்கா என் சமையலறை ஜன்னலுக்கு நேரே, சுவருக்கு அந்தப்புறம் நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மெல்ல ஊது, மெல்ல ஊது, விரிசல் விட்டுடும்" என்று வேலை ஏவுவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவேன். பிறகு ஓட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, வினிகரில் அலசி, ஈர்க்குச்சியில் செருகி வெயிலில் காயவைப்பேன். வாடை துளியும் இல்லை என்று மோந்து பார்த்த பிறகுதான் கூடையில் வைத்து, மேலே கறிவேப்பிலையைப் பரப்பி, சுவரைத் தாண்டிக் கொடுப்பேன்.

ஓட்டை அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது, உள்ளே இருந்ததை என்ன செய்வது? நாங்கள்தான் தின்றோம். முட்டைப் பொரியல், முட்டைத் தோசை, முட்டைக் குழம்பு. "இன்னிக்குமா? நான் மனுசனா கீரிப்புள்ளையா?" என்று சேகரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

ஆனால் அந்த ஓட்டில் அவள் செய்தது இருக்கிறதே! எவர்சில்வர் டம்ளரின் வாயில் துணிச் சுருணையை வைத்து அதன்மேல் முட்டையை உட்காரவைப்பாள். ரப்பர் பேண்டை நடுவில் மாட்டி, அதை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுப்பாள். மிக நைசான உப்புத்தாளால் நாள் கணக்கில் தேய்ப்பாள். பசையை ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஆபரணமாக்குவாள். ரேக்கு ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சையும் பிடித்துக்கொள்வாள். மத்ஸ்யம், கூர்மம், வராகம் என்று ஒவ்வொரு அவதாரமாக முடித்துச் சுவருக்கு மேல் தூக்கிக் காட்டும்போது, நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். வராகத்தின் கொம்பில் பூமாதேவி கடுகளவுதான் இருப்பாள், அவள் மூக்குத்திகூடத் தெரியும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

வீட்டில் கேட்டபோது அக்கா சொன்ன பதில் இதுதான்: "பிளாஸ்டர் உருண்டை. மீனாதான் மார்க்கெட்லேர்ந்து வாங்கிண்டு வந்து தரா."

இது எனக்குத் தெரியவந்த அன்றே சண்டை போட்டேன். "ஏனுங்க்கா, இத்தன அழகாப் பண்ணிப்போட்டு எதுக்கு இந்தப் பொய்யி?"

"பொய்யில்லை மீனா. ஓடுதானே? சங்கும் ஓடுதானே? அது பெருமாள் கையிலயே இருக்கு."

"அப்ப இதையே உங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

அதைக் கேட்டதும் முகம் சிறுத்துப் போய்விடும். அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இது முட்டை ஓடு, இதில் நான் பெருமாளை வரைந்தேன் என்று தன் வீட்டு மனிதர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டும் அவர்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் அது சின்ன ஆசை இல்லை.

போன தசராவுக்கு முன்னால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நம்பி சாருடைய அண்ணன் மனைவி யதுகிரியம்மா மேல்கோட்டையிலிருந்து நவராத்திரிக்கு வரப்போகிறார். அந்தக் குடும்பத்தில் ஆசாரம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால் நம்பி சார் மறுபேச்சுப் பேசமாட்டார்.

"கொலுவுல எல்லாத்தையும் வைக்கப்போறேன். மன்னி பார்த்து நன்னாயிருக்குன்னு சொல்லட்டும். சொன்ன வாய் மூடறதுக்குள்ள நான் உண்மையைச் சொல்லிடறேன். அப்புறம் அவர் ஒண்ணும் சொல்ல முடியாது, இல்லையா?"

"சொல்லிப்போடுவீங்களா?"

"நீ பக்கத்துல நில்லு மீனா. நீ நின்னா சொல்லிடுவேன்."

நான் நின்றேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அன்று அவர்கள் கூடத்தில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மேல்படியில் ராஜா ராணி பட்டத்துப் பொம்மைகள். அதற்குக் கீழே ஒரு படி முழுக்க அக்காவின் பத்து அவதாரங்கள். நடுவில் ஒரு பெரிய வாத்து முட்டையில், வைரமுடிக் கிரீடம் சாத்திய மேல்கோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளை. அந்தக் கிரீடத்துக்காக மட்டும் அக்கா ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் தங்கம் தகதகவென்று எரிந்தது. எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி ஃபோட்டோ எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். என் கையில் சுண்டல் கிண்ணம்.

யதுகிரியம்மா நேராக அந்தப் படிக்கு வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மன்னி."

"உன் கையா? அடி பங்கஜா! செல்வப்பிள்ளை நேர்ல நிக்கறார்டி!"

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது, இப்போது என்று கண்ணாலேயே தள்ளினேன். அவளும் வாயைத் திறந்தாள். "மன்னி, அது வந்து..." என்று ஆரம்பித்தும்விட்டாள்.

"இதை எனக்குக் குடுத்துடு" என்றார் யதுகிரியம்மா. "பெருமாளுள்ளுல வெச்சுக்கறேன். எங்காத்துக்காரர் தினமும் சேவிக்கட்டும்."

பெருமாளுள் என்றால் பூஜை அறை. அக்காவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். நகர்ந்துகொண்டாள். யதுகிரியம்மா முட்டையை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "என்னடி இது, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி லேசா இருக்கு?" என்றார். பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருந்தது. செல்வப்பிள்ளையின் திருமார்புக்கு ஒரு துளி சாத்தலாம் என்று கட்டைவிரலில் எடுத்து அழுத்தினார்.

தெய்வத்தின் படத்துக்குச் சந்தனம் வைப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அது பிளாஸ்டர் என்று நினைத்துத்தான் அழுத்தியிருக்கிறார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோன ஓடு தாங்குமா? படக்கென்று விரல் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஓட்டுச் சில்லோடு அந்த மெல்லிய வெள்ளைத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அய்யோ, மொட்டெ!" என்று கன்னடத்தில் கத்தினாள் பாக்கியலட்சுமி. முட்டை! கூடம் முழுக்க அந்தச் சொல்தான்.

யதுகிரியம்மா கத்தவில்லை. விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பங்கஜா, என்னது இது?" என்று கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வேறு வழியே கிடையாது. அக்கா என்னைப் பார்த்தாள், நம்பி சாரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது மன்னி. பிளாஸ்டர்னு சொல்லித்தான் மீனா குடுத்தா. சத்தியமா எனக்குத் தெரியாது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நம்பி சார் ஊஞ்சலிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏம்மா மீனா, இப்படிப் பண்ணலாமா? பெருமாள் இருக்கற எடம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெருக்குழாய்ச் சண்டையில் இன்றுவரை என்னை ஜெயித்தவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட வாய். அன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையாமல் கெஞ்சினாள். அந்தக் கண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கூடத்தையே இரண்டாக்கியிருப்பேன்.

"தெரியாமக் குடுத்துப்போட்டனுங்க" என்றேன்.

சுண்டல் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கியலட்சுமி புடவையை ஒதுக்கிக்கொண்டு எனக்கு வழி விட்டாள். நான் வாசலைத் தாண்டும்போதே உள்ளே ஒருத்தி, "அவங்க திங்கறதை நம்ம சாமிகிட்ட வெச்சிட்டாளே" என்று கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது. தப்பே செய்யாதவளுக்கு அவமானமாக இருக்குமா என்று என்னைக் கேளுங்கள். உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

சேகரனிடம் சொன்னேன். "நீ எதுக்குடி வாய மூடிட்டு வந்தே?" என்று குதித்தார். "இப்பவே போய்க் கேக்கறேன்" என்று சட்டையை மாட்டினார். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். ஏன் பிடித்தேன் என்று அவரும் கேட்டார், நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பாக்கியலட்சுமி வந்து, தைக்கக் கொடுத்திருந்த பட்டு ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கேட்டாள். "அர்ஜெண்ட் ஒண்ணும் இல்லை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஊரை ஏமாற்றிய பொம்பளை என்று ஒரே நாளில் பேர் வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் நம்பி சார் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு உள்ளே வைத்தார். மணியை அடித்துவிட்டு, நான் வருவதற்குள் போய்விட்டார். திறந்து பார்த்தேன். பழைய வேஷ்டித் துண்டுகளுக்கு நடுவில் பத்து அவதாரமும் இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. செல்வப்பிள்ளை மட்டும் இல்லை.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. நானும் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"ஏதாவது உடைஞ்சுதா மீனா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"நல்லா வருவீங்க்கா! எம் பேரு தெருவுல நாறிக் கெடக்குது, உங்களுக்கு ஓடு ஒடஞ்சுதான்னு கவலையா? மனுசிங்களா நீங்க?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "திட்டு. நன்னா திட்டு. எனக்கு வெக்கமா இருக்கு மீனா. கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்க முடியலை. அப்படிச் சொன்னது நான்தானான்னு இருக்கு."

"அப்பப் போய்ச் சொல்லுங்க. இப்பவே. அவங்க எல்லாரும் உள்ளதான இருக்கறாங்க?"

"மன்னி ஊருக்குப் போகட்டும். அப்புறமா அவர்கிட்ட மெதுவா... அவர் என்னை என்ன நினைச்சுப்பார் மீனா? இத்தனை வருஷமா அவர் சாப்பிடற கூடத்துலயே உக்காந்துண்டு..."

"என்னைய என்ன நெனச்சாலும் பரவால்லைங்களா?"

அவள் அழுதாள். பெரியவள் அழுகிறாளே என்று எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இனிமேப்பட்டு இந்தச் சொவத்துக்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து மெஷினை ஓட்டினேன். நூல் அறுந்தது தெரியாமல் ஒரு முழத்துக்கு வெறுமனே ஓட்டியிருக்கிறேன்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் காலை, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். யதுகிரியம்மா. ஊருக்குப் புறப்பட்ட கோலத்தில் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். இன்னும் என்ன பாக்கி?

"உள்ள வரலாமாம்மா?" என்றார்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே உடைந்த செல்வப்பிள்ளை. அதைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் காட்டினார். அடித்துளையைப் பசையால் மூடி, அதன்மேல் தங்கத்தில் ஒரு குட்டித் தாமரை எழுதியிருந்தது.

"இந்தத் தாமரையை எழுதினது யாரு?"

நான் மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"பிளாஸ்டர் உருண்டைக்கு அடியில எதுக்கும்மா ஓட்டை? ஓட்டையை அடைச்சவளுக்கு அது என்னன்னு தெரியாம இருக்குமா? அன்னிக்கு எனக்கு இருந்த படபடப்புல திருப்பிப் பார்க்கலை. நேத்து எடுத்துப் போடலாம்னு கையில எடுத்தப்போதான் பார்த்தேன். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை."

"அவங்களையே கேளுங்கம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது, எனக்கே எரிச்சலாக இருந்தது.

"கேக்கத்தான் போறேன். உன் ஆத்துலயே வெச்சுக் கேக்கறேன்." அவர் எழுந்து பின்பக்கம் போய், சுவருக்கு மேலே குரல் கொடுத்தார். "பங்கஜா! இங்க வா!"

அக்கா வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, மன்னியைப் பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காகக் கார் சாவியோடு நம்பி சாரும் வந்தார். என் முன்அறையில், தைத்த ரவிக்கைகளுக்கும் துண்டுத் துணிகளுக்கும் நடுவில் நாலு பேரும் நின்றோம். யதுகிரியம்மா இலையை அப்படியே மெஷின் பலகையில் வைத்தார். தாமரை மேலே தெரிந்தது.

"முட்டைன்னு நீ சொல்லியிருந்தா பெருமாளுள்ளுல வெச்சிருக்க மாட்டேன்" என்றார். "அதுல எனக்குச் சமாதானம் கிடையாது. வாசல் அலமாரில வைடின்னு சொல்லிட்டு, ஸ்நானம் பண்ணிட்டு, சாப்பிட உக்காந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். இந்தப் பொண்ணை எதுக்குடி இழுத்தே?"

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நம்பி சார் பக்கம் மட்டும் கொஞ்சம் திரும்பினாள்.

"கேளுங்கோன்னா, அது முட்டைன்னு எனக்குத் தெரியும். நான்தான் மீனாகிட்ட கேட்டுக் கேட்டு வாங்கினேன். எல்லாமே முட்டைதான். உங்களுக்குப் பயந்துண்டு பொய் சொல்லிட்டேன்."

நம்பி சார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முட்டைன்னு தெரியும் பங்கஜா. முதல்லேர்ந்தே தெரியும். காலம்பற மொட்டை மாடியிலதானே நடக்கறேன். சுவத்துக்கு மேல கூடை வரது கண்ணுல படாதா? நீ சந்தோஷமா இருந்தே. நாம கேட்டுக் கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பயத்துக்காக என்னைத் தூக்கி நடுக்கூடத்தில் போட்டாளோ, அந்தப் பயம் இல்லவே இல்லை. அவள் ஆசைப்பட்டது எல்லாம் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எனக்கு மட்டும் அது போதவில்லை. "அப்பறம் எதுக்குங் சார் அன்னிக்கு என்னைய அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"எல்லாரும் இருந்தா. மன்னி இருந்தா. இவ சொன்னதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரலை."

"என்னையப் பொய்க்காரி ஆக்கறதுக்கு மனசு வந்துதுங்களா?"

அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. யதுகிரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா வெளியே போனாள். போகட்டும், இதைத் தவிர வேறு என்ன தெரியும் இவர்களுக்கு என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழோடு தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்துக் கொலுவுக்கு அழைப்பார்களே, அந்த மாதிரி. கொலுவோ முடிந்துவிட்டது. நம்பி சார் பதறிப்போய் ஓடினார். "பங்கஜா, வேண்டாம். தெரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்னா."

முதலில் எதிரே பாக்கியலட்சுமி வீடு. என் ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது. சிமிழை நீட்டிக்கொண்டு, கன்னடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அது முட்டைதான். வாங்கச் சொன்னது நான், வரைந்தது நான், தெரியாது என்று பொய் சொன்னதும் நான். மீனா என் பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். பாக்கியலட்சுமி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். குங்குமம் எடுக்கவில்லை. "இதையெல்லாம் எதுக்கு ஆன்ட்டி வாசல்ல நின்னு சொல்றீங்க" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒரு வீட்டில் உள்ளிருந்து இன்னொருத்தியையும் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவள் மறுபடி சொன்னாள். ஒரு வீட்டில் மாமியார்க்காரி கேட்டைத் திறக்கவேயில்லை, கம்பி வழியாகவே கேட்டுக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது. அவள் நெற்றி வியர்த்துக் குங்குமம் கரைந்து வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. டெலிபோன் ஆபீஸில் மேலதிகாரிக்கே பதில் கொடுத்தவள், சின்னச் சின்னப் பெண்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். போதும் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருக்கிறதே என்றும் ஒரு மனசு சொன்னது. பொய் சொல்வானேன், அந்த மனசும் என்னுடையதுதான்.

கடைசியில் என் கேட்டுக்கு வந்தாள்.

அவளைக் கேட்பதற்கென்று நல்ல சூடாக நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். எல்லா வாசலிலும் பேசியவள் என் வாசலில் வாயைத் திறக்கவில்லை. சிமிழை நீட்டினாள். சிமிழ் சாய்ந்து, குங்குமம் என் படியில் சிந்தியது. என் நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டன.

நான் ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொண்டேன். "உள்ள வாங்க்கா" என்றேன்.

"வேண்டாம் மீனா."

"அட வாங்க. வெயில்ல நின்னது போதும்."

"நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன்" என்றாள். "வந்து உக்காந்துட்டா எல்லாம் சரியாப்போச்சுன்னு நானே நினைச்சுண்டுடுவேன். என்னை எனக்குத் தெரியும். கூப்பிடாதே."

சிமிழை மூடிக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். நான் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் அவளும் வரவில்லை.